பேச மறுத்த டாக்ஸிக்காரர்

டாக்ஸிக்காரர் வாயே திறக்கவில்லை.

துப்பறிவாளருக்கு இது புதிது. பதினெட்டு வருஷ அனுபவத்தில், நெற்றியில் உள்ளங்கையை வைத்தால் போதும், செத்தவர்கள் தெரிந்ததையெல்லாம் கொட்டித் தீர்ப்பார்கள். ஒரே ஒரு கூச்சம்தான் அவர்களுக்கு. இன்னொரு செத்தவர் கூட இருந்தால் பேச மாட்டார்கள். உயிரோடிருப்பவர்கள் பத்துப் பேர் நின்றாலும் கவலையில்லை. அதனால்தான் சவக்கிடங்கின் கடைசி அறைக்கு இவர் உடலை மட்டும் தள்ளிவரச் சொல்லியிருந்தார். மருந்து நெடியும் கழுவிய தரையின் ஈர வாடையும் கலந்து தொண்டையைக் கரிக்க, தலைக்கு மேல் குழல்விளக்கு விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சியை எங்க இறக்கி விட்டீங்க?"

ஏழாவது முறை.

தங்கையைக் காணாமல் ஒன்பது நாளாகிறது. அவளைக் கடைசியாக ஏற்றிச் சென்றவர் இவர். நேற்று மாரடைப்பில் போய்விட்டார். நாலு மணிக்கு உடலை அறுத்துவிட்டால் குரலும் போய்விடும். இப்போது மணி மூன்றே முக்கால்.

"பக்கத்துல வேற பாடி ஏதாவது இருக்கா?" என்று எரிந்து விழுந்தார்.

"இந்தப் பக்கம் பூராவும் காலி சார்," என்றார் வாசலில் நின்ற காவலாளி. "இவரும் வந்ததுலேர்ந்து சமர்த்தாத்தான் படுத்திருக்காரு."

ஒன்பது நாளும் கூடவே அலைந்த தங்கையின் கணவன் சுவரில் சாய்ந்திருந்தான். "விடுங்க மச்சான். செத்தவனைப் போட்டு ஏன் வதைக்கிறீங்க?"

"நீ சும்மா இரு மாப்ள. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு..."

"தண்ணி வாங்கிட்டு வரேன்."

அவன் போனான். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளங்கைக்குக் கீழே நெற்றி சிலிர்த்தது.

"வீட்டு வாசல்லதான் சார் இறக்கி விட்டேன். உங்க மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தாரு."

துப்பறிவாளர் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?"

"எப்படி சார் பேசுறது? அந்தப் பொண்ணு இவ்வளவு நேரம் இங்கதானே நின்னுச்சு."

"எந்தப் பொண்ணு?"

"நான் இறக்கி விட்ட பொண்ணுதான் சார். இப்பதான் அவரோட வெளிய போச்சு."

நடையில் காலடிச் சத்தம். நெருங்கியது. நின்றது. கதவு திறந்தது.

டாக்ஸிக்காரர் அடங்கிப்போனார்.

"ஏதாவது சொன்னானா மச்சான்?"

அவன் இடது கையில் தண்ணீர் பாட்டில். வலது கை சும்மா தொங்கியது. விரல்கள் மட்டும் விரிந்திருந்தன, நடுவே வேறு விரல்கள் கோத்திருப்பதுபோல. புறங்கையில் நாலு குழிகள். சின்னச் சின்ன விரல்நுனி அளவு.

பார்க்கப் பார்க்க அவை ஆழமாகிக்கொண்டே போயின.