சன்னலடிச் சேறு

சுலோஜனா படியேறி வந்த வேகத்தைப் பார்த்தால் யாரையோ வெட்ட வந்தவள் போலிருந்தது. கையில் பெரிய கத்தரிக்கோல் வேறு. கீழே தையல் கடையில் வேலை செய்கிறவள்; வெட்டிக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலைப் போட மறந்து வந்திருந்தாள்.

"மார்கிறட் அக்கா, நீங்க இப்பவே என்னோட வரவேணும். பன்ரெண்டு மணிக்குப் பொலிஸ் வருதாம். எண்ட மனுசனைக் கள்ளன் எண்டு ஏத்தப் போறாங்க."

"கத்தரிக்கோலை மேசையில வை. மறுகா இரு. மறுகா சொல்லு."

"இருக்க நேரமில்லக்கா."

"அப்ப நிண்டு சொல்லு. கத்தரிக்கோலை மட்டும் வை."

மார்கிறட் முப்பது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக எரிந்த கடைகளையும் மூழ்கிய வள்ளங்களையும் போய்ப் பார்த்தவர். எது தானாக எரிந்தது, எது எரிக்கப்பட்டது என்று எழுதிக் கொடுப்பது அவருடைய வேலை. எத்தனையோ முதலாளிமார் அவர் முன்னால் அழுதிருக்கிறார்கள், பாதிப்பேர் உண்மையாக. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை விடவில்லை. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும். அவருக்குத் தணியும்.

சுலோஜனாவின் கணவன் திவாகரன், செட்டிபாளையத்தில் வாவிக்கரையோரம் இருக்கும் 'கண்டல் குடில்' என்ற மீன்பிடி விடுதியில் வழிகாட்டி. தூண்டில் போட வருகிறவர்களைக் கண்டல் காட்டு ஓடைகளுக்குள் வள்ளத்தில் கூட்டிப் போகிறவன். நேற்றுப் பின்னேரம் மெல்பேணில் இருந்து ஜெராட் என்ற ஒருவர் வந்து இறங்கியிருக்கிறார். அவர் கொண்டுவந்த தூண்டில் றீல் ஒரு மோட்டார்சைக்கிள் விலையாம். காலை எட்டரைக்கு எழும்பிப் பார்த்தால் சன்னலோர மேசையில் அது இல்லை.

"மனேஜர் சதீசன் சொல்றானாம், காலம ஆறு மணிக்கு இவர் தோணியைச் சன்னலுக்குக் கீழ விட்டு, கையை உள்ள போட்டு எடுத்ததைத் தான் கண்ணால கண்டதெண்டு. முதலாளி இவர்ர கழுத்தில கிடந்த வழிகாட்டி அட்டையைக் கழட்டி எடுத்திட்டார். அந்த அட்டை போனா வேற எந்த விடுதிக்காரனும் எடுக்கமாட்டானக்கா. கள்ளன் எண்ட பேரோட இருக்கிறவன்ர வள்ளத்தில ஆர் ஏறுவான்?" அவள் மூச்சு வாங்கினாள். "அதை விடுங்க. சோத்துப் பெட்டியை மணலில கவிட்டுக் கொட்டியிருக்காங்க. றீல் சோத்துக்குள்ள கிடக்குமாம். நாலு மணிக்கு எழும்பி நான் ஆக்கின சோறு."

"ஆர் கொட்டினது?"

"முதலாளி. தன்ர கையால."

மார்கிறட் அவளுடைய கால்களைப் பார்த்தார். செருப்பிலும் கணுக்காலிலும் சாம்பல் நிறச் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"இதென்ன கோலம்?"

"எங்கட வீடு படுவான்கரைப் பக்கம்தானே. காலம அவர்தான் தோணியில இக்கரைக்குக் கொண்டு வந்து விடுவார். மறுகா அவர் விடுதிக்கு, நான் பஸ்ஸுக்கு. இண்டைக்கு ஆறு மணிபோல வந்தா தோணி கரைக்குக் கிட்டவும் வருகுதில்ல. சேத்துக்குள்ள இறங்கித்தான் நடந்தன். ஆறு மணிக்கு எண்ட மனுசன் என்னோட எண்டு போனில கத்தினன். பொஞ்சாதி சொல்றது சாட்சி இல்லையாம்."

"செருப்பைக் கழுவாத," என்றார் மார்கிறட். "றமீஸ், ஓட்டோவை எடு."

றமீஸ் ஏற்கெனவே படியில் நின்றான். காத்தான்குடியில் மூன்று தலைமுறையாகப் புடைவைக் கடை வைத்திருக்கும் குடும்பம். வாங்க வந்தவர்களிடம் உண்மையான விலையைச் சொன்ன குற்றத்துக்காக வாப்பா அவனைக் கடையை விட்டு அனுப்பி, ஓட்டோ ஒன்று வாங்கிக் கொடுத்தார். மார்கிறட்டை ஏற்றி இறக்கும் வேலை போகப் போகக் கூட்டுத் தொழிலாகிவிட்டது என்பது அவன் நினைப்பு.

வழியெல்லாம் துப்பறிந்துகொண்டே வந்தான். "மிஸ், குரங்கு எடுத்திருக்கும். இல்லாட்டி அந்த மெல்பேண் ஆளே ஒளிச்சு வச்சிட்டு இன்சூரன்சுக்கு நிக்கான்."

"ரோட்டைப் பார்."

"ரோட்டுலதான் மிஸ் கண்ணு. இந்த வருசம் எல்லாமே தலைகீழ். எங்கட மச்சான் நளீர் இண்டைக்கு முகத்துவாரம் வெட்டுறதப் பாக்கப் போனவன். எட்டு மணிக்கு வெட்டுறதெண்டு ரேடியோவில எல்லாம் சொன்னதுதானே. மெசினும் வந்து, ஐயாமாரும் வந்து நிக்காங்களாம், வெட்ட ஒண்டுமில்ல. நேத்துப் பகல் ரெண்டு மணிக்கே வெள்ளம் தானா உடைச்சிட்டுப் போயிட்டு. மெசினுக்கு முன்னால நிண்டு படம் எடுத்திட்டுப் போனாங்களாம்."

மாரி மழையில் வாவி முட்டி வழியும்போது, அது கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இருக்கும் மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். வெள்ளம் கடலுக்குப் போகும், கொடுவா மீன் உள்ளே வரும். அந்தக் கொடுவாவுக்காகத்தான் கண்டல் குடிலின் அறைகள் இந்த வாரம் நிரம்பப்போகின்றன. மார்கிறட் திரும்பிச் சுலோஜனாவின் செருப்பை இன்னொரு தரம் பார்த்தார்.

விடுதிக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது காகங்கள். மணலில் சோறும் பருப்பும் பொரித்த மீனும் சிதறிக் கிடந்தன. அதற்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், திவாகரன் குந்தியிருந்தான். குந்தவைத்திருந்தார்கள் என்பதே சரி. நாலு அடி தள்ளி நிழல் இருந்தது.

முதலாளி நல்லரத்தினம் விறாந்தையில் இருந்து எழுந்து வந்தார். பட்டணத்தில் இரும்புக் கடை. இந்த விடுதி வைத்து மூன்று வருடம். "மிஸ் ஏன் வெயிலுக்குள்ள வந்தீங்க? சின்ன விசயம். இவனுகளை நம்பினா இப்படித்தான்."

"இவனுகள் எண்டா ஆர்?" என்று சுலோஜனா கேட்டாள்.

நல்லரத்தினம் அவளைப் பார்க்காமலே மார்கிறட்டுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். மார்கிறட் இருக்கவில்லை.

ஜெராட் விறாந்தைத் தூணோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும், முகம் சிவந்திருந்தது. "எனக்கு ஆரிலயும் கோபமில்ல. எண்ட றீல் வேணும். நேற்று நாலு மணிக்கு வந்தனான், மேசையில வச்சனான். எட்டு மணிக்குச் சாப்பிடப் போனன், வந்து அப்படியே படுத்திட்டன். மேசையை விடியத்தான் பார்த்தது."

மனேஜர் சதீசன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பக்கத்தில் நின்றான். பதுளைப் பக்கம் பிறந்து, கடற்கரை ஹோட்டல்களில் வேலை பார்த்து, இரண்டு மாதத்துக்கு முன்புதான் இங்கே வந்தவன். இரவில் விடுதிப் பொறுப்பு அவனுடையது.

"நீங்க எங்க நிண்டு பாத்தது, தம்பி?" மார்கிறட் பவ்வியமாகக் கேட்டார்.

"இதே விறாந்தையில மிஸ். ராத்திரி முழுக்க நான் இங்கதான். சரியா ஆறு மணி. தோணி சன்னலுக்குக் கீழ வந்திச்சு. இவர் எழும்பி நின்னு கைய உள்ள விட்டார். பிறகு தோணிய அங்கால கொண்டுபோய்க் கட்டினார்."

"தண்ணி எவ்வளவு நிண்டது?"

"சன்னலுக்குக் கீழ ஒரு ரெண்டடிதான் மிஸ் மிச்சம். தோணியில நின்னா கை தாராளமா எட்டும்."

"இப்ப சேறாக் கிடக்கே."

சதீசன் சிரித்தான். "எட்டு மணிக்கு முகத்துவாரம் வெட்டினாங்கதானே. வெட்டினதும் சர்ரெண்டு இறங்கிருச்சு. ஒன்பது மணிக்குப் பாத்தா தரை."

"ஓ," என்றார் மார்கிறட். குரல் மிகவும் தணிந்திருந்தது. றமீஸ் ஓட்டோச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

ஜெராட்டின் அறை மரக்கால்களில் வாவிக்கு மேல் நீட்டி நின்றது. மார்கிறட் கரையோரம் போய்ச் சன்னலுக்குக் கீழே பார்த்தார். நிறைமாரியில் தண்ணீர் நின்ற உயரத்தில் மரக்காலில் பாசிக் கோடு. கோட்டுக்குக் கீழே ஆளுயரத்துக்குக் குறையாமல் வெறும் கால். அதற்குக் கீழே தோசைமா ஊற்றியது போல வழவழப்பான சேறு. அதில் கொக்குகள் நடந்த தடம் மட்டும் கோலமாகக் கிடந்தது. திவாகரனின் தோணி இருநூறு மீற்றர் தள்ளி, ஓடைக்குள் நட்ட கம்பில் கட்டியிருந்தது.

பிறகு அவர் பின்பக்கக் கொட்டகைக்குப் போனார். சதீசனின் ஸ்கூட்டி நின்றது. சக்கரத்து மட்காட்டில் சிவப்புச் சேறு. விரலால் தொட்டுப் பார்த்தார், ஈரம் விடவில்லை.

"மழை எத்தனை மணிக்கு விட்டது?" றமீஸைக் கேட்டார். "விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பக்குள்ள விட்டிட்டு மிஸ்."

விறாந்தைக்குத் திரும்பியபோது நேரம் பதினொன்றே முக்கால்.

"எல்லாரும் இருங்க," என்றார் மார்கிறட். "திவாகரன், நீங்க நிழலுக்கு வாங்க."

"அவன் அங்கயே—" என்று நல்லரத்தினம் தொடங்கினார்.

"நிழலுக்கு வாங்க, திவாகரன்."

திவாகரன் எழுந்து வந்தான். கால் மரத்துப்போயிருந்தது, சுலோஜனா தோளைக் கொடுத்தாள்.

"தம்பி சதீசன், நீங்க வந்து ரெண்டு மாசம். முகத்துவாரம் வெட்டினதை முன்ன பின்ன கண்டிருக்க மாட்டீங்க. கடல்வாய் எங்க, செட்டிபாளையம் எங்க? குளியலறைத் தொட்டியில அடைப்பை இழுத்த மாதிரி இது இறங்காது. அங்க உடைச்சா இங்க தண்ணி வத்தி இப்படிச் சேறு தெரிய ஒரு ராத்திரி வேணும். எட்டு மணிக்கு வெட்டினது ஒன்பது மணிக்கு இங்க தரையாகாது. இதைத் திவாகரன் அறிவார், படுவான்கரையில இருக்கிற சின்னப் பிள்ளையும் அறியும். நீங்க ரேடியோவை அறிவீங்க."

சதீசன் வாயைத் திறந்தான்.

"பொறுங்க. எட்டு மணிக்கு ஆரும் வெட்டவும் இல்ல. நேற்றுப் பகல் ரெண்டு மணிக்கே அது தானா உடைஞ்சிட்டுது. ராவெல்லாம் தண்ணி இறங்கினது. ஆறு மணிக்கு இந்தக் கரை முழுக்கச் சேறு. நம்பாட்டி சுலோஜனாட காலைப் பாருங்க. ஆறு மணிக்கு மிதிச்ச சேறு, காஞ்சு வெடிச்சிருக்கு. பொஞ்சாதி பொய் சொல்லலாம். செருப்புக்கு ஆரோடயும் கலியாணம் ஆகல்ல."

றமீஸ் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான்.

"தண்ணி நிண்டிருந்தா, தடமில்லாமத் தோணி வந்து போகலாம். சேறெண்டா தோணி இழுத்த தடம் வேணும், இல்லாட்டிக் கால் தடம் வேணும். கொக்குத் தடம் மட்டும்தான் கிடக்கு. சன்னலால ஆரும் கை போடல்ல. அறைக் கதவால போயிருக்காங்க. ஜெராட் தம்பி சாப்பிட்டுக்கொண்டு இருக்கக்குள்ள. கதவுச் சாவி இன்னொண்டு ஆர்ட்ட இருக்கு?"

எல்லாருடைய பார்வையும் ஒரே பக்கம் போனது.

"ஆறு மணிக்கு இந்த விறாந்தையில நிண்டவனுக்கு முதல்ல தெரிஞ்சிருக்க வேண்டியது சேறு. அதையே காணல்ல எண்டா, நீங்க இங்க நிக்கல்ல. உங்கட ஸ்கூட்டியில சிவப்புக் கிறவல் மண் ஒட்டிக் கிடக்கு. செட்டிபாளையத்தில வெள்ளை மணலும் தார் ரோட்டும்தான். கிறவல் ரோடு அங்கால, வவுணதீவுக்கு உள்ள. கிறவல் இன்னும் காயல்ல. சுபஹுக்கு விட்ட மழையில பூசினதெண்டா இப்ப காஞ்சிருக்கும். விடிஞ்ச பிறகு பூசினது. ராத்திரியே எடுத்துக்கொண்டு போய், மழைக்குள்ள அங்கயே நிண்டு, ஒன்பது மணிக்குத்தான் திரும்பியிருக்கீங்க. வந்து பாத்தா இங்க ஒரே கூச்சல். ஆரையாவது காட்டவேணும். காட்ட லேசான ஆள் மணலில நிண்டார்."

"வித்திருப்பான் மிஸ், இனிக் கிடைக்காது," என்றான் றமீஸ்.

"விக்கல்ல. உங்கட கடையில வித்து முடிச்சவன்ர முகம் எப்படி இருக்கும்? இந்த முகம் விலை படியாம வந்தவன்ர முகம். வவுணதீவில வாங்க வந்தவன் களவுச் சாமான் எண்டு கண்டு, அடிமட்டத்துக்கு விலை கேட்டிருப்பான். தம்பி, சீட்டைத் திறங்க."

சதீசன் அசையவில்லை. நல்லரத்தினம் அவனுடைய சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்தார். ஸ்கூட்டிச் சீட்டுக்குக் கீழே, விடுதியின் பெயர் போட்ட துவாயில் சுற்றியபடி றீல் இருந்தது. ஜெராட் அதை வாங்கினார், சுற்றிப் பார்க்கவில்லை. மணலில் கிடந்த சோற்றைப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்விட்டார்.

நல்லரத்தினம் தொண்டையைச் செருமினார். வியாபாரம் கைவிட்டுப் போகும்போது முதலாளிமார் செருமுகிற செருமல் அது. "சரி. ஒரு பிழை நடந்து போச்சு. இவனைப் பொலிஸ் பாக்கட்டும். திவாகரன், மனசில வைக்காத. முகத்துவாரம் உடைஞ்சிட்டுது, பின்னேரம் கொடுவா ஓடும். மூணு வள்ளம் காத்துக் கிடக்கு. வத்தின தண்ணியில ஓடை தெரிஞ்ச ஆள் நீ ஒருவன்தான்."

"அட்டை," என்றார் மார்கிறட்.

அட்டை முதலாளியின் மேல் பையில் இருந்தது. எடுத்து நீட்டினார். திவாகரன் அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

சுலோஜனா மணலுக்கு இறங்கிப் போனாள். காகங்கள் விலகின. கவிழ்ந்து கிடந்த சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நல்லரத்தினத்தின் முன்னால் நீட்டினாள்.

"கழுவித் தாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். கொடுத்துவிட ஒரு வேலையாளைத் தேடிக் கண்கள் சுற்றின. "அதைக் குசினியில குடுத்தா—"

"உங்கட கையால கொட்டினது. உங்கட கையால கழுவுங்க. மறுகா இவர் வாறதோ இல்லையோ, அதை இவர் சொல்லுவார்."

"மிஸ், நீங்களாவது சொல்லுங்க," என்றார் நல்லரத்தினம்.

மார்கிறட் அப்போதுதான் அந்தக் கதிரையில் இருந்தார். "குழாய் அந்தா இருக்கு," என்றார்.

வெளியே பொலிஸ் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நல்லரத்தினம் பெட்டியை வாங்கிக்கொண்டு முற்றத்துக் குழாயடியில் குனிந்தார். தங்கக் கடிகாரம் நனைந்தது. ஒட்டிய சோற்றை விரலால் சுரண்டினார், மணலைக் கழுவினார், இன்னொரு தரம் கழுவினார். நிமிர்ந்து வந்து நீட்டினார்.

சுலோஜனா வாங்கி, புடைவைக் கடையில் துணியில் ஓட்டை தேடுகிறவளைப் போல வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு காகங்கள் நின்ற இடத்தைக் காட்டினாள்.

"மூடியும் கிடக்கு."