இடப்பக்க ஸ்பீக்கர்

அப்பாவின் கண்கள் இரண்டையும் கட்டி, மேலே கறுப்புத் துணியும் போட்ட பிறகு, வலப்பக்க ஸ்பீக்கர் படபடவென்று பொரிந்தது.

பொரியக் கூடாது. அவர் மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்கென்று இருக்கிற இடத்தில், இரண்டு செல்களின் ஓரமாக ஒயர் இறங்கியிருந்தது. ஒரு செல், கதவிலிருந்து கட்டிலை நோக்கி ஏதாவது நகர்ந்தால் மட்டும் துடிக்கும். அதன் சத்தம் வலப்பக்கம். மற்றது, கட்டிலிலிருந்து கதவுக்குப் போவதற்கு மட்டும், அது இடப்பக்கம். அவர் ஓட்டிய பஸ் விபத்தில் போனது போக மிஞ்சிய மங்கல் பார்வையில் டார்ச்சை அசைத்து அசைத்து, அங்கே டெக்னீஷியனாக இருக்கும் மகள்தான் காலையில் கண்டுபிடித்தாள். செல்கள் நன்றாக இருந்தால் சிப் வைத்துப் பார்வையைத் திருப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்த அப்பாவுக்குப் பதிவு எடுக்கக் கூடாதுதான். ஆனால் அந்த மனுஷன் வேறு யாரையும் தலையைத் தொட விட்டால்தானே! "பஸ்ஸுக்கு ஒயரிங் பண்ற மாதிரி எனக்கும் பண்றியாக்கும்" என்று கேலி வேறு.

இப்போது கேலி இல்லை.

மறுபடி பொரிந்தது. ஏசியின் முனகல், ஸ்பிரிட் வாடை, அதற்கடியில் எங்கிருந்தோ டீசல் வாடை. ஒயரை அழுத்திப் பார்த்தாள், கண்கட்டை இறுக்கினாள், கதவைத் திறந்து பார்த்தாள். வராந்தாவில் ஈ, காக்கை இல்லை. கதவைச் சாத்தினாள். மூன்று. நான்கு. வருவது மட்டும்தான் கேட்கிறது. இடப்பக்கம் மூச்சே இல்லை.

"அப்பா, எதையாவது நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?"

"நான் ஒண்ணும் நினைக்கலம்மா. அவங்களா வர்றாங்க."

ஐந்து.

"அன்னிக்கு பஸ்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு சொன்னியே."

மனுஷன் உடைந்துபோவார் என்று பயந்து அவள் சொன்ன பொய் அது. செத்தவர்கள் ஆறு பேர்.

ஆறு.

"பாவம், எல்லாரும் நின்னுட்டே இருக்காங்க. ஏம்மா மறைச்சே?"

"மன்னிச்சிருங்கப்பா." அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் கழுத்தை லேசாகப் பின்னால் திருப்பினார். முப்பது வருஷம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து திருப்பிய கழுத்து.

"எல்லாரும் ஏறியாச்சா?"

இடப்பக்க ஸ்பீக்கர் பொரிந்தது.

ஒன்று. இரண்டு. போகிறார்கள். அப்பாடா, போகிறார்கள். மூன்று. நான்கு. ஐந்து.

ஆறு.

அறை அடங்கியது. அவள் மூச்சு விட்டாள். பிடித்திருந்த கை மட்டும் கனத்தது. அதன் விரல்கள் இப்போது அவளைப் பிடித்திருக்கவில்லை.

இடப்பக்க ஸ்பீக்கரில் ஏழாவதாக ஒன்று, மெதுவாக, சாத்திய கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.