மூடிக்குக் கீழே வேற இன்ஜின்

"நீயா!"

பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி அந்த ஆள் போட்ட சத்தத்தில், பல் டாக்டரின் கையிலிருந்த குடையே நழுவிவிட்டது.

மழை என்றால் அப்படியொரு மழை. நாற்சந்தி நடுவில் கார் நின்றுபோயிருந்தது. அது சாதாரணக் காரா என்ன? அண்ணனுடைய பழைய ஜெர்மன் கார். அதைத் துடைப்பதற்கென்றே அண்ணன் தனியாக ஒரு மெத்துத் துணி வைத்திருக்கிறான். அந்தத் துணியைத் துவைக்கக்கூட யாரையும் விடமாட்டான். அப்பேர்ப்பட்ட காரை அவனுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறாள் இவள். என்ன செய்வது... காலையில் ஸ்கூட்டர் மக்கர் செய்தது, கிளினிக்கில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

பின்னால் ஒரே ஹாரன் மயம். அத்தனை வண்டிகளில் இறங்கி வந்தவன் இவன் ஒருவன்தான். நனைந்த நீலச் சட்டை, நீலப் பேன்ட், காலில் ரப்பர் செருப்பு, விரலெல்லாம் கிரீஸ். வந்தவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராக பானெட்டைத் திறந்தான்... 'நீயா'வாம்!

"ஹலோ! முன்னப்பின்ன தெரியாத பொண்ணை நீ, வான்னுதான் பேசுவீங்களா?"

திடுக்கிட்டுத் திரும்பினான். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். இமை முடியில் மழைத்துளி தொங்குகிறது, துடைக்கத் தோன்றாமல் அப்படியே பார்க்கிறான். திருதிருவென்று முழிக்கிற அந்த முழியில் கள்ளமே இல்லை. ஐயோ பாவம் என்றிருந்தது அவளுக்கு.

"ஐயய்யோ... உங்களைச் சொல்லலைங்க."

"பின்ன யாரைச் சொன்னீங்க?"

"இந்த... இன்ஜினை."

"இன்ஜினையா? அதென்ன உங்க அத்தை பொண்ணா, உரிமையா நீயாங்கறதுக்கு?"

"தெரிஞ்ச முகமா இருந்துச்சு..." என்று முணுமுணுத்துவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். வட்டமான கறுப்பு மூடிக்குக் கீழே கையை விட்டு, எதையோ பிடுங்கி, ஊதி, சட்டை உள்பக்கத்தில் ஈரம் துடைத்து மறுபடி சொருகினான். சொருகும்போது அவள் பார்த்துவிட்டாள். வெள்ளை வெளேரென்று சின்னதாக ஒரு பிளக்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'இந்த இன்ஜின்ல ஒரு துளி பிளாஸ்டிக் கிடையாது, தெரியுமா? எல்லாம் இரும்பு... எல்லாம் ஒரிஜினல்!' அண்ணன் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆன வசனம் அது.

"மெக்கானிக் சார்... அது பிளாஸ்டிக்தானே?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பானெட்டைப் படாரென்று மூடினான். "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றான். கார் முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. அவள் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் குடையை ஜன்னல் வழியே நீட்டிவிட்டு மழைக்குள் ஓடினான். அவன் ஏறிய வேனின் முதுகில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'பழைய ஜெர்மன் கார்களுக்குப் புது இன்ஜின் பொருத்தித் தரப்படும்.'

கீழே ஒர்க் ஷாப் விலாசம். அதை மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அந்த ஷெட் வாசலில் நின்றாள். வரிசையாகப் பழைய கார்கள், எல்லாம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு... தன் கிளினிக்குக்கு வந்த மாதிரியே இருந்தது பல் டாக்டருக்கு. சங்கிலியில் ஓர் இன்ஜின் தொங்கியது. அதைக் கைத்தாங்கலாகப் பிடித்து, ஒரு காரின் வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தான் அவன். "மெதுவா... மெதுவா... சமர்த்து" என்று அதோடு பேச்சு வேறு. அவளைப் பார்த்ததும் சமர்த்து அந்தரத்தில் நின்றுவிட்டது.

"எங்க அண்ணன் கார்ல இன்ஜினை மாத்தினது நீங்கதானே?"

அவன் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"மாத்தச் சொன்னவங்க, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

அடப்பாவி அண்ணா! பழைய கார் வைத்திருப்பவர்கள் கூட்டத்தில், 'இன்ஜினை மாத்தறவன் கொலைகாரன்' என்று மேசையைக் குத்திப் பேசுகிறவன் அண்ணன். தொழிலே வக்கீல் தொழில், பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? ஆனால் பானெட்டைத் திறந்து காட்டுவதோடு சரி, அந்தக் கறுப்பு மூடிக்குக் கீழே கை வைக்க மாட்டான். 'ஒரிஜினலை நோண்டக் கூடாது' என்பான். இதற்குத்தானா அத்தனையும்!

"ஏன் மாத்தினாங்க?"

"அதையும் சொல்லக்கூடாதுங்க."

"வேற என்னதான் சொல்வீங்க?"

அவன் யோசித்தான். "டீ சாப்பிடறீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ வந்தது. அவன் குடிப்பதையே உற்றுப் பார்த்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கன்னத்தில் சூடு படாமல்...

"எத்தனை நாளா வலிக்குது?"

டீ புரையேறியது அவனுக்கு. "எ... எது?"

"என்கிட்டயேவா? நாளைக்குக் கிளினிக் வாங்க. வரலைன்னா நானே இடுக்கியோட இங்க வந்துடுவேன்."

வந்தான். இன்ஜினையே அலுங்காமல் தூக்குகிறவன், ஊசியைப் பார்த்ததும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வாய்க்குள் பார்த்தவளுக்குப் பகீரென்றது. பல்லுக்கு உள்ளேயே சீழ் பிடித்திருந்தது.

"இதை எப்படித் தாங்கிட்டு இருந்தீங்க? யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்டங்க சொல்றது?"

சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. வலியைக்கூடச் சொல்ல ஆளில்லாத ஒருத்தன்... பல்லைப் பிடுங்கியபோது அவன் ஒரு சத்தம் போடவில்லை. முடிந்ததும் கண் ஓரத்தில் தண்ணீரோடு சிரித்தான் பாருங்கள், அன்றைக்கு டாக்டர் கிளினிக்கை மூடுவதற்கே மறந்துபோனாள்.

அதற்கப்புறம் அடிக்கடி ஷெட் பக்கம் போனாள். கேட்டால், பல் ஆறியிருக்கிறதா என்று பார்க்க.

"டாக்டர், ஒரு சந்தேகம். பிடுங்கின பல்லை எத்தனை தடவைங்க செக் பண்ணுவாங்க?"

"அது... ஆளைப் பொறுத்தது."

அவன் குனிந்துகொண்டான். காது மட்டும் சிவந்தது. இவளுக்கோ கன்னமே சிவந்தது. போச்சுடா, மாட்டிக்கிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வீடு என்று ஒன்று இருக்கிறதே... ஒருநாள் காலையில் அவளே அண்ணனிடம், கார் இன்ஜின் மாத்தறவர் ஒருத்தரைப் பிடிச்சிருக்கு என்று போட்டு உடைத்தாள். "நேர்ல வரச் சொல்லு" என்றான் அண்ணன், உதடு பிரியாமல்.

அவன் வந்தான். தோய்த்துத் தேய்த்த சட்டை. எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு. அண்ணன் போர்ட்டிகோவில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கதவருகே அம்மா துணிக்கூடையோடு நின்றாள்.

"இன்ஜின் மாத்தறவர்தானே நீங்க?" அண்ணன் நிமிரக்கூட இல்லை. "நல்ல வண்டியோட உயிரைப் பிடுங்கி வீசிட்டு, கண்டதையும் உள்ள திணிக்கிற ஆள். நாளைக்கு என் தங்கச்சியையும் அப்படித்தான் நடத்துவீங்க, இல்ல?"

"அப்படி இல்லைங்க..."

"இந்தக் காரைப் பாருங்க. ஒரு போல்ட் மாறலை. இதுதான் இந்த வீடு. ஒரிஜினல் இல்லாத எதையும் நான் உள்ள விடமாட்டேன்!"

இப்போது சொல்லுவான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பானெட்டைத் திறந்து, மூடியைக் கழற்றி, 'இது நான் வெச்ச இன்ஜின்ங்க' என்று ஒரே ஒரு வார்த்தை. அண்ணன் வாயடைத்துப்போவான். எல்லாம் சரியாகிவிடும். சொல்லுங்களேன்... சொல்லித் தொலையுங்களேன்!

அவன் காரைப் பார்த்தான். கதவுப் பக்கம் ஒரு கணம் பார்த்தான். பிறகு அவளை.

"நான் வரேங்க" என்றான். போயே போய்விட்டான்.

அவளுக்கு நெஞ்சு பொங்கியது. அவ்வளவுதானா நான்? எனக்காக ஒரு வார்த்தை பேச முடியாதா? அந்தக் கோபம் முழுக்க அண்ணன் மேல் திரும்பியது.

"ஒரிஜினலாம் ஒரிஜினல்! ஊரை ஏமாத்தினது போதும்ணா!"

"என்ன உளர்றே?"

பானெட்டைத் திறந்தாள். கறுப்பு மூடியின் திருகைத் திருகி, அப்படியே தூக்கிக் காட்டினாள். "இது என்ன? இது? இதோ இது? எல்லாம் பிளாஸ்டிக்! யாருக்கும் தெரியாம மாத்திட்டு, மாத்திக் கொடுத்தவரையே கேவலப்படுத்தறே. உனக்கு வெக்கமா இல்லை?"

அண்ணன் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். கையிலிருந்த மெத்துத் துணி தரையில் விழுந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"இது... என் இன்ஜின் இல்லையே..."

ஐயோ! நடிப்பில்லை இது. அண்ணனுக்குத் தெரியாது! அப்படியானால் மாற்றச் சொன்னது...

துணிக்கூடை பொத்தென்று விழுந்தது.

"நான்தான்டா."

அம்மா!

"நீ வெளிநாடு போயிருந்தப்போ ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன்டா. ஆசையா இருந்துச்சு. சூடு காட்டற முள்ளு சிவப்புல போய் நின்னுச்சு, அது பாட்டுக்கு நிக்கட்டும்னு விட்டுட்டேன். திடீர்னு ஒரே புகை... இன்ஜின் விரிசல் விட்டுப்போச்சுன்னாங்க. அதே மாதிரி வேற கிடைக்கலை. நீ உயிரையே விட்டுடுவியேன்னு பயந்து, அந்தத் தம்பி ஷெட்ல உக்காந்து அழுதேன். அவர்தான் ஜப்பான் இன்ஜினை வெச்சு, மேல பழைய மூடியையே மாட்டிக் கொடுத்தார். செத்தாலும் சொல்லக்கூடாதுன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

'மாத்தச் சொன்னவங்க... சொல்லிட்டாங்க.' அந்த 'அவங்க' அண்ணன் இல்லை. மரியாதைக்குச் சொன்ன ஒரு 'ங்க'வை வைத்துக்கொண்டு இத்தனை நாள் என்னென்ன நினைத்துவிட்டாள்! அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அவன் அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு போனான்.

அண்ணன் மூடியைத் திரும்ப மாட்டி, சாவியை எடுத்து, காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அழுத அம்மாவைத் தேற்றி உட்காரவைத்துவிட்டு இவள் ஆட்டோ பிடித்து ஓடினாள். அடிதடியாகிவிட்டால்?

ஷெட்டில் ஈ காக்கை இல்லை. அண்ணனின் கார் மட்டும் ஜாக்கியில் நின்றது. அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதே நீலப் பேன்ட், அதே கிரீஸ் படிந்த ரப்பர் செருப்பு. அண்ணன் காரை விட்டுவிட்டு, கத்திவிட்டுப் போயிருக்க வேண்டும். இவர் வேலையை ஆரம்பித்துவிட்டார்! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வெளிய வராதீங்க. முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச வராது." கால்கள் அசையவில்லை. "அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். எனக்காகப் பேசலைன்னு கோவம்... உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. எங்க அண்ணன் சம்மதிக்கலைன்னாலும் எனக்கு நீங்கதான். அவன் ஒரு மக்கு! துடைக்கத் தெரியுமே தவிர, மூடிக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்க்கத் தெரியாத மக்கு!"

காருக்கு அடியில் ஏதோ இரும்பு கணீரென்று விழுந்தது. சக்கரம் வைத்த பலகை உருண்டு வெளியே வந்தது. மூக்கில் கிரீஸோடு படுத்திருந்தது...

அண்ணன்!

"மக்குன்னு ரெண்டு தடவை சொன்னே" என்றான்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. பின்னால் கண்ணாடித் தம்ளர்கள் கிடுகிடுவென்று நடுங்கும் சத்தம். திரும்பினாள். கையில் டீயோடு அவன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக? முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எல்லாம் கேட்டுவிட்டான்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய நீலச் சட்டையில் அழுதது தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என் இன்ஜின் போச்சேன்னு சண்டை போடத்தான் வந்தேன். கீழ படுத்துப் பார்த்தேன்... இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்லை. என் வாசல்லயே நிக்க வெச்சு என்னென்னமோ பேசிட்டேன். இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த ஆத்திரத்துல அம்மாவை என்ன சொல்லியிருப்பேனோ..." அவன் பக்கம் திரும்பினான். "ஏன்யா சொல்லலை? இவ கையை விட்டுப் போயிடுவான்னு தெரியாதா உனக்கு?"

"தெரியுங்க. ராத்திரியெல்லாம் அழுதிருப்பேன்" என்றான் அவன். "ஆனா அம்மாகிட்ட சொல்லமாட்டேன்னு சொன்னேனே..."

"சரி. இப்ப யார்கிட்டயும் நீ எதையும் மறைக்க வேண்டியதில்லை. இவ இவ்வளவு பேசிட்டா. உன் மனசுல என்ன இருக்கு? அதையாவது சொல்லித் தொலை!"

அவன் டீயை ஒரு காரின் கூரைமேல் வைத்தான். அவளுக்கு நேராக வந்து நின்றான். கண் அவளை விட்டு நகரவில்லை.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னா எதையும் சொல்லாம இருந்துடுவேன்... இதை மட்டும் என்னால முடியாது. எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."