செம்புத் தகடு கட்டிய ஸ்கூட்டர்

"ஓடுற லாரியில அடுப்பு பத்த வச்சாராம்! சொல்றவன் வாயில புழு விழ!" என்று கத்திக்கொண்டே சிம்மக்கல் அலுவலகத்துக்குள் நுழைந்தாள் நாகஜோதி. "எம் புருஷன் விருமாண்டி ரெண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில கெடக்காரு. அவரு மேலயே கேசு போட்டுருக்காங்க மேடம்."

தீ விபத்துகளை ஆராயும் லலிதாம்பாள் அவளை உட்காரவைத்துக் கேட்டார். தென்காசிக்கு இருபத்து நாலு மின்ஸ்கூட்டர்களை ஏற்றிப்போன லாரி டி. கல்லுப்பட்டி அருகே எரிந்துவிட்டது. புகையைக் கண்ட விருமாண்டி வண்டியை ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து மண்ணை அள்ளிக் கொட்டியிருக்கிறார். அவர் கேபினில் சமைத்ததுதான் காரணம் என்று புகார் கொடுத்தவர், சரக்கை அனுப்பிய குடோன் மேலாளர் தமிழ்மாறன்.

லலிதாம்பாளின் உதவியாளன் செல்வக்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அப்பாவும் லாரி ஓட்டியவர். எது நடந்தாலும் பழி டிரைவர் தலையில்தான் விழும் என்பதைப் பார்த்து வளர்ந்தவன்.

மறுநாள் இருவரும் காவல் நிலையத்தில் நின்ற லாரியைப் பார்த்தார்கள். கேபினில் பிளாஸ்டிக் குடம்கூட உருகவில்லை. பின்பக்கமோ வெறும் கரி. அடியோடு உருகிக் கிடந்த ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடித் தண்டில், கம்பியால் கட்டிய சின்னச் செம்புத் தகடு மட்டும் மிஞ்சியிருந்தது. லலிதாம்பாள் அந்த ஸ்கூட்டரின் அடிச்சட்ட எண்ணைத் துடைத்துக் குறித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அதே லாரி முன்னால் தமிழ்மாறனும் நாகஜோதியும் எஸ்.ஐ. சின்னச்சாமியும் நின்றார்கள்.

"பில்லுல எல்லாமே புது வண்டின்னு இருக்கு. சரிதானே சார்?" என்று கேட்டார் லலிதாம்பாள்.

"ஆமா மேடம். யாருக்கும் விக்காத வண்டி."

"அப்ப இந்தத் தகட்டை யாரு கட்டுனா? வாங்குன வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோயி, பூஜை போட்டுத்தான் நம்ம ஊருல தகடு கட்டுவாங்க. குடோன்ல நிக்கிற வண்டிக்கு யாரு பூஜை போடுவா?"

தமிழ்மாறன் கைக்குட்டையைத் தேடினார்.

"சேசிஸ் நம்பரை வச்சு விசாரிச்சேன். சோழவந்தான் அழகுபாண்டி வாங்குனது. மழைத்தண்ணியில முங்கி, பேட்டரி உப்பிப்போச்சுன்னு போன வாரம் உங்ககிட்டதான் திருப்பிக் குடுத்திருக்காரு. உப்புன பேட்டரி தானாவே பத்திக்கும். தீ பிடிச்சது அதுலதான். கெட்ட பேட்டரியைக் கழட்டி, தனிப்பெட்டியில வச்சு, அபாயச் சரக்குன்னு எழுதி, டிரைவர்கிட்டச் சொல்லித்தான் அனுப்பணும்னு விதி. நீங்க புதுசோட புதுசா ஏத்திவிட்டீங்க."

"ரிப்பேருக்குத் தென்காசிக்குத்தான் அனுப்பணும். தனி லாரி வர பத்து நாளாகும்னாங்க. ஒண்ணே ஒண்ணுதானேன்னு..."

செல்வக்குமார் அவர் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தான். அதற்குள் நாகஜோதி முன்னால் வந்து நின்றாள்.

"கெட்ட பேட்டரி உள்ள இருக்குன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா, அவரு கதவைத் தொறக்காம தூர ஓடியிருப்பாருடா. ஒஞ் சரக்கைக் காப்பாத்தத்தான கையைக் குடுத்தாரு! அந்தக் கை மேலயா பழியப் போட்ட?"

சின்னச்சாமி தமிழ்மாறனை நிலையத்துக்குள் வரச் சொன்னார்.

செல்வக்குமார் அறிக்கை எழுத உட்கார்ந்தான்.

"எதுல ஆரம்பிக்க மேடம்?"

"ஓட்டுநர் மேல தப்பில்லைன்னு முதல் வரியில எழுது" என்றார் லலிதாம்பாள். "மத்ததெல்லாம் பெறகு."