சூடு போகும் இடம்

அறையைவிடப் பிராசஸர் குளிர்ந்திருந்தது.

துரை அதைப் பார்த்து முதலில் சிரித்தான். பிற்பகல் நேரம். ஜன்னல்களை அடைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்ததால் உள்ளே காற்று வெந்த துணியைப் போலக் கனத்துக் கிடந்தது. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது, கீபோர்டில் விரல் பட்ட இடமெல்லாம் ஈரம் மினுங்கியது. சுவரில் மாட்டிய வெப்பமானி முப்பத்து மூன்று காட்டியது. ஆனால் திரையின் மூலையில், தன் முழுப் பலத்தோடு நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்த பிராசஸரின் வெப்பம் இருபத்தாறு. குளத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல, அசையாமல் இருபத்தாறு.

நடக்கக்கூடாத காரியம். பிராசஸர்மேல் குழாயில் ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கும், ரேடியேட்டர் அதை அறைக்குள் கொட்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை. அறையைவிடக் குளிர்ச்சியாக வைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. இதை துரையே இணையத்தில் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறான். எவனாவது இப்படி ஒரு எண்ணைப் படம் பிடித்துப் போட்டால், 'சென்சார் செத்துப்போச்சு, கூடவே உன் மூளையும்' என்று பதில் எழுதிவிட்டு அன்று முழுக்கக் குஷியாக இருப்பான்.

தன் சென்சார் செத்திருக்கும் என்று இப்போது அவனுக்குத் தோன்றவில்லை. தான் மகா கெட்டிக்காரன் என்றுதான் தோன்றியது.

துரை என்பது பெற்றவர்கள் வைத்த பேரல்ல, தங்கை வைத்தது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காதவனுக்கு, அப்பாவின் ஓய்வுப் பணத்தில் கண்ணாடிப் பெட்டி போட்ட கம்ப்யூட்டர் வாங்கியவனுக்கு, வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு முப்பதைத் தொட்டவனுக்கு வேறென்ன பேர் வைப்பது? பிராசஸரை, செய்தவன் சொன்ன வேகத்துக்கு மேலே விரட்டுவதுதான் அவனுடைய தொழில், தவம், எல்லாம். விரட்ட விரட்டச் சூடேறும். சூட்டை வெளியேற்றத் தெரிந்தவன் ஜெயிப்பான். உலகம் முழுக்க இதே வேலையாக இருக்கும் ஆண்கள் தங்கள் வேக எண்களை வரிசைப்படுத்திப் பார்த்துக்கொள்ளும் ஒரு தளம் உண்டு. இந்த வகைப் பிராசஸருக்கான போட்டி இன்று மாலையோடு முடிகிறது. முதலிடத்தில் இருப்பவனைத் துரை பார்த்ததே இல்லை. ஆனாலும் சொத்துத் தகராறு இருக்கிற பங்காளியைப் போல அவன்மேல் அப்படி ஒரு வெறுப்பு.

காலையில்தான் புதுப் பிராசஸரைப் பூட்டினான். பழையதைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இடத்தைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, தண்ணீர் ஓடும் குளிர்த்தகட்டை மேலே உட்கார்த்தி, எதிரெதிர்த் திருகுகளாக மெல்ல மெல்ல இறுக்கினான். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவன்கூட அவ்வளவு பதமாகப் போடமாட்டான். அப்புறம் தண்ணீர் ஊற்றும்போது கை தவறி, வாங்கி வைத்திருந்த சுத்த நீரில் பாதியைத் தரையில் கொட்டினான். குழாய்த் தண்ணீர் ஆகாது. உப்புப் படியும், தகடு அரிக்கும். அவனுடைய மெஷினுக்கு அதெல்லாம் ஒத்துக்கொள்ளாது.

பக்கத்து அறையில் சுத்த நீர் இருந்தது. அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷினில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் உண்டு. மெஷின் அனுப்பும் காற்று அந்தத் தண்ணீருக்குள் குமிழிவிட்டு, ஈரமாகி, குழாய் வழியாக அவர் மூக்குக்குப் போகும். பட்டறைப் புகையில் பாதிக்கு மேல் கருகிப்போன நுரையீரலுக்கு அந்த ஈரம் வேண்டும். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். துரை பாட்டிலைத் திருகி எடுத்துவந்து, இரண்டு நாளாக அவர் மூச்சு குமிழிவிட்ட தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தன் மெஷினின் தொட்டியில் ஊற்றிக்கொண்டான். பாட்டிலில் சமையலறைக் குழாயைத் திறந்து பிடித்து, திரும்ப மாட்டிவிட்டான்.

மெஷினுக்கு ஆகாத தண்ணீர் அப்பாவுக்கு ஆகும்.

மதியம் தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் செய்தாள். பின்னால் யாரோ ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து அலறிக்கொண்டிருந்தது.

"அப்பா சாப்டாரா?"

"ம்."

"ம்-னா என்ன அர்த்தம்? அவருக்கு சூப் குடுத்தியா, இல்ல கம்ப்யூட்டருக்கு ஊட்டி விட்டுட்டியா?"

"குடுத்துட்டேன்டி. சும்மா நொய்நொய்னு."

"பாட்டில்ல தண்ணி இருக்கா?"

"ரொம்பி இருக்கு."

"கேன் காலி. வரும்போது வாங்கிட்டு வரேன். தப்பித்தவறிக்கூட குழாய்த் தண்ணிய ஊத்திடாத, கிருமி நேரா நெஞ்சுக்குள்ள போகும். காதுல விழுதா தொரை?"

"எனக்குத் தெரியாதா? நானும் சயின்ஸ் படிச்சவன்தான்."

"ஆமா, படிச்சுக்கிட்டே இருக்க." வைத்துவிட்டாள்.

இப்போது அவன் மின்னழுத்தத்தை ஒரு படி ஏற்றினான். வேகத்தை ஒரு படி ஏற்றினான். எண் ஏறவில்லை. இருபத்தாறு இருபத்தைந்தானது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான். அனல் அடிக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தது குளிர்ந்த, ஈரமான காற்று. யாரோ மிக அருகில் வாயைக் குவித்து ஊதுவதைப் போல. அதில் ஒரு வாடையும் இருந்தது. புது பிளாஸ்டிக்கின் வாடையல்ல. வலித்தைலமும், மாத்திரையும், வெயில் காணாத தலையணையும் கலந்த வாடை. மூக்கைச் சுளித்தான். கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது, அந்த அறை நாற்றம் இங்கே வரைக்கும் வருகிறது என்று எழுந்து போய்க் கதவை அழுத்திச் சாத்தினான்.

"தம்பி..." கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாக. "ஃபேனை கொஞ்சம்... கூட்டேன்டா. ஒடம்பு... வேகுது."

"ஃபுல்லாதாம்பா ஓடுது!" என்று கத்தினான் துரை. கதவைத் திறந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், தண்ணீர்த் தொட்டியில், குமிழிச் சத்தம். களகளகள. குழாயில் காற்று சிக்கியிருக்கிறது. புதிதாகத் தண்ணீர் ஊற்றினால் வருவதுதான். பெட்டியை இப்படிச் சாய்த்தான், அப்படிச் சாய்த்தான், விரலால் குழாயைத் தட்டினான். சிக்கிய காற்று ஒருமுறை வெளியேறினால் தீர்ந்தது. இது தீரவில்லை. களகளகள என்று வந்து, நின்று, ஒரு சின்ன இழுப்பு இழுத்து, மறுபடி களகளகள. தண்ணீரைத் தள்ளும் பம்பு ஒரே சீராகச் சுழல்கிற சாமான். அதற்கு நின்று நின்று ஓடத் தெரியாது.

எங்கேயோ கேட்ட தாளம். எங்கே என்று அவனுக்குத் தெரியும். இந்த வீட்டில் எத்தனை நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பது, ஹெட்போன் போட்டு அவன் மறைத்துக்கொள்வது.

கதவைத் திறந்து அப்பாவின் அறைக்குப் போனான்.

ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கொண்டுதான் இருந்தது. குழாய் மூக்கில்தான் இருந்தது. பாட்டிலில் தண்ணீர் நிரம்பி இருந்தது. ஆனால் அதில் ஒரு குமிழிகூட இல்லை. வரைந்து வைத்ததைப் போல அசையாத தண்ணீர். குனிந்து குழாயைப் பார்த்தான், மடங்கவில்லை. மூடியைப் பார்த்தான், கசியவில்லை. அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. அவன் அறையில் களகளகள என்றபோது ஏறியது. நின்றபோது இறங்கியது.

நெற்றியில் கை வைத்தான். வெடுக்கென்று எடுத்துவிட்டான்.

தெர்மாமீட்டர் நாற்பதுக்கு மேலே காட்டியது. அப்பாவின் உதடுகள் வெடித்து வெள்ளைத் தோல் கிளம்பியிருந்தது. வியர்வை இல்லை. கண் பாதி திறந்திருந்தது. அந்தக் கண் அவனைப் பார்த்தது. எப்போதும்போலவே பார்த்தது, அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஓடிப்போய் பிராசஸரின் ஓட்டத்தை நிறுத்தினான். திரும்பி வந்து அக்குளில் மறுபடி தெர்மாமீட்டரை வைத்தான். முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு. அப்பாவின் முகத்தில் சிவப்பு வடிந்து தணிவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. "அம்மாடி" என்றார், நிழலுக்கு வந்து சேர்ந்தவரைப் போல.

சூடு காணாமல் போகாது, இடம்தான் மாறும். அவனுக்கு அது தெரியாததல்ல. அறைக்குள் வராத சூடு எங்கே போனது என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

பயந்தான். இல்லையென்று சொல்ல முடியாது. மனுஷனாகப் பிறந்த யாரும் அந்த இடத்தில் என்ன செய்வார்கள்? பிளக்கைப் பிடுங்குவார்கள். தங்கைக்குப் போன் போட்டு, தப்புப் பண்ணிட்டேன், சீக்கிரம் வா என்று அழுவார்கள். துரை போனைக் கையில் எடுத்தான். நேரத்தைப் பார்த்தான். போட்டி முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

போட்டிக்காக ஒரே ஒரு முழு ஓட்டம். பத்து நிமிஷம். குளிர்ச்சிக்கு உச்சவரம்பே இல்லாத ஒரு மெஷின் உலகத்தில் எவனிடமும் கிடையாது. இனி அவனிடமும் இருக்காது. பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும்? காய்ச்சலில் ஜனங்கள் நாள்கணக்கில் கிடக்கிறார்கள். அதோடு, இது உண்மைதானா என்று இன்னொரு தடவை சோதிக்காமல் நம்புவது முட்டாள்தனம். சயின்ஸ் படித்தவன் அப்படி நம்பக்கூடாது.

அப்பாவின் நெற்றியில் ஒரு ஈரத்துணியைப் போட்டான். அன்று முழுக்க அவருக்காக அவன் செய்த ஒரே காரியம் அது.

"தம்பி" என்றார் அப்பா.

"பத்தே நிமிஷம்பா. படுங்க."

கதவைச் சாத்தினான். மின்னழுத்தத்தை இதுவரை எவனும் ஏற்றத் துணியாத இடத்துக்கு ஏற்றினான். ஓட்டத்தைத் தொடங்கினான்.

வெப்பம் இருபத்து நான்கு. விசிறிகள் இரைந்தன. தைல வாடை அறையை நிறைத்தது. தொட்டியில் குமிழிகள் முன்பைவிட வேகமாக எழுந்தன, சின்னச் சின்னதாக, மேல்மூச்சு வாங்குவதைப் போல. திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் ஆடும் சத்தம். துரை ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான்.

ஹெட்போனுக்குள்ளும் களகளகள.

கழற்றினான். பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. கட்டில் ஆடுவது நின்றிருந்தது. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தான். அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. இருமல் இல்லை. புரளல் இல்லை. மெஷினின் உறுமல் மட்டும், யாருக்கோ. களகளகள இந்தப் பக்கம்தான் கேட்டது. இப்போது இந்தப் பக்கம் மட்டும்.

கோடு முடிந்தது. எண் வந்தது. முதலிடம். பங்காளி இரண்டாமிடத்துக்குப் போனான். துரை அந்த எண்ணைப் பார்த்தான், சந்தோஷம் வருவதற்காகக் காத்திருந்தான்.

வேலை ஓய்ந்ததும் பிராசஸரின் வெப்பம் மாறியது. இறங்கவில்லை. ஏறியது. முப்பது. முப்பத்து மூன்று. முப்பத்தைந்து.

முப்பத்தேழு.

அங்கே நின்றது. விசிறிகளை முழு வேகத்தில் வைத்தான். முப்பத்தேழு. விசிறிகளை நிறுத்தினான். முப்பத்தேழு. எல்லாப் புரோகிராமையும் மூடினான். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தது. சுகமாக இருக்கிற ஒரு மனிதனின் சூட்டில் சும்மா இருந்தது.

அப்பாவின் அறைக்கு ஓடினான். ஈரத்துணி நெற்றியில் காய்ந்து மொறமொறவென்று கிடந்தது. அதற்குக் கீழே தோல் சுவரைப் போல உயிர்ச்சூடு இல்லாமல் இருந்தது. தெர்மாமீட்டரை வைத்தான். எண் காட்டவில்லை. கோடு காட்டியது. நெஞ்சைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பாட்டிலில் தண்ணீர் அசையவில்லை.

"அப்பா."

தோளைப் பிடித்து உலுக்கினான். "அப்பா. எப்பா. நிறுத்திட்டேன்பா. முடிஞ்சிருச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்.

அவன் அறையில். காலியான அவன் அறையில்.

போனான். போகாமல் இருக்க முடியவில்லை. பிளக்கைப் பிடித்து இழுத்தான். சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. திரை அணைந்தது. விளக்குகள் அணைந்தன. பம்பு நின்றது. கையில் பிளக். அதன் மூன்று முனைகளும் காற்றில்.

களகளகள.

வாசல் கதவு திறந்தது. தண்ணீர் கேனைத் தரையில் வைக்கும் தொம் என்ற சத்தம். செருப்பு கழன்று விழும் சத்தம்.

"அப்பா, வந்துட்டேம்ப்பா," என்றாள் தங்கை கூடத்திலிருந்து. "தொரை ஒழுங்கா பாத்துக்கிட்டானா?"

கண்ணாடிப் பெட்டிக்குள், மிகவும் சாதாரணமாக, தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பதில் சொல்வதற்கு முன்னால் அப்பா எப்போதும் செருமுகிற மாதிரி. பிறகு கண்ணாடியின் உட்புறத்தில், துரையின் முகத்துக்கு நேராக, ஒரு வாய் அகலத்துக்கு ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.