கீழே இறங்காத லிஃப்ட்

லிஃப்டின் கம்பிக் கதவு ஈரமாக இருந்தது. பிடித்த கையை விரித்துப் பார்த்தாள் தையல்காரி. விரல்களில் கரிச்சேறு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது இங்கே ஈரம் எங்கிருந்து வந்தது?

"இது நிஜமாவே கீழ போகுமா?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"எங்க போறதும்மா? அடியில சிமெண்ட் தரை. விளக்கு அணையும், பெட்டி கொஞ்சம் ஆடும், சுரங்கத்துச் சத்தம் கேக்கும். ரெண்டே நிமிஷம். பாப்பா பயப்படாம இருந்தா சரி."

"எங்கம்மாதான் பயப்படும்" என்றாள் ஆறு வயது மகள்.

அந்த வட்டாரத்து மக்கள் என்னென்ன வேலை பார்த்துப் பிழைத்தார்கள் என்று காட்டும் அருங்காட்சியகம் அது. தறி, உப்பளம், செங்கல் சூளை எல்லாம் பார்த்துக் கால் கடுத்துப்போய்க் கடைசியாகச் சுரங்கப் பகுதிக்கு வந்திருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளைக்கூட உள்ளே இறக்கி வேலை வாங்கினார்கள் என்று சுவரில் எழுதியிருந்ததை அவள் மகளுக்குப் படித்துக் காட்டவில்லை.

இருவரும் பெட்டிக்குள் ஏறியதும் விளக்கு அணைந்தது. பெட்டி குலுங்கியது. சங்கிலி உரசுவதும் எங்கோ தண்ணீர் சொட்டுவதும் ஒலிபெருக்கியில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மகளின் கையைத் துழாவிப் பிடித்தாள். ஆனால் மண்ணெண்ணெய்ப் புகையும் வியர்வையும் நனைந்த மண்ணும் கலந்து மூக்கில் ஏறிய வாடையை எந்த ஒலிபெருக்கி கொண்டுவரும்? காது அடைத்தது. அடிவயிறு எழும்பியது.

பெட்டி இறங்குகிறது.

"ஒண்ணுமில்லடா தங்கம்."

அவள் பிடித்திருந்த கை இறுகியது.

துணியைத் தடவியே ரகம் சொல்லும் விரல்கள் அவளுக்கு. அந்தச் சின்ன உள்ளங்கையைத் தடவினாள். சொரசொரப்பு. காய்ப்பின் மேல் காய்ப்பு. சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

"அம்மா!"

மகளின் குரல். மேலேயிருந்து. வெகு மேலேயிருந்து.

"ஏம்மா என் கைய விட்ட?"

உதறினாள். பிடி விடவில்லை. இன்னொரு கை வந்து இடுப்பைப் பற்றியது. முழங்காலை ஒன்று. கத்த வாயைத் திறந்தாள். வாய் நிறையக் கரித்தூள்.

பெட்டி நின்றது. கதவு தானே விலகியது.

தூரத்தில் ஒரு விளக்கு. அதன் மங்கலில் சுரங்கத்தின் இரு பக்கமும், கண்ணுக்கு எட்டியவரை, கரி அப்பிய சின்ன முகங்கள். தூக்கச் சொல்லிக் கேட்கும் பிள்ளைகளைப் போல எல்லாரும் அவளைப் பார்த்துக் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார்கள்.