மரகதம் டாக்டருக்குப் பொன்னாடை

பாராட்டு விழா நாளில், பாராட்டுப் பெறும் டாக்டர் நண்பகலுக்குப் பிறகு கையால் எதையும் தொடக் கூடாது. தாராபுரம் நல்லகரம் அறக்கட்டளை மருத்துவமனையில் இருபது வருடமாக இதுதான் வழக்கம். முழங்கைவரை ஈரக் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் டாக்டர் மரகதம். நர்ஸ் தமயந்தி தயிர்சாதத்தைக் கரண்டியால் ஊட்டினாள்.

"கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கறீங்கம்மா. ஆ காட்டுங்க."

ஒரு வாய் இறங்கவில்லை. பயத்தில் அடிவயிறு கலங்கியது.

பின்னே, பொன்னாடை என்றால் சும்மாவா? துணிக்குள் ஓடும் நுண்ணிழைகள் தோளில் பட்ட அரை நிமிடத்தில் நாற்பது வருடக் கைத்திறனை உருவி, 'செய்கரம்' என்னும் அறுவை இயந்திரத்துக்குள் சேர்த்துவிடும். திறனை நகலெடுக்க இன்னும் வழி பிறக்கவில்லை; பெயர்த்துத்தான் எடுக்க முடியும். நாளை முதல் நூறு ஊர்களில் மரகதத்தின் கை வேலை செய்யும், மரகதத்திடம் மட்டும் இருக்காது. நல்ல காரியந்தான். அவரே மனதாரக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

போன வருடம் பொன்னாடை போர்த்திக்கொண்ட கண் டாக்டர் சாமியப்பன் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"பயமா இருக்குதுங்களா? அட, ஒண்ணும் ஆகாதுங்க. எனக்கெல்லாம் அதுக்கப்புறம் பயம்னு ஒண்ணு வந்ததே இல்லீங்க!"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மரகதத்துக்கு நெஞ்சு இன்னும் படபடத்தது. காரணம், செய்கரத்தில் எந்தெந்த அசைவு சேரும், எது சேராது என்று சற்றுமுன் அவர் படித்த பதிவுப் பட்டியல். கடைசி வரி இப்படி இருந்தது: 'முடிச்சுக்கு முன் தயக்கம், கால்நாடி பார்த்தல் – வீண் அசைவு. நீக்கப்படும்.'

"தமயந்தி, மூணாம் வார்டுக் குழந்தைக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். செய்கரந்தான் பண்ணப்போகுது."

"ஆமாங்கம்மா. பொறந்து எட்டு நாள்தான் ஆகுது."

"இதயத்துக்குப் பக்கத்துல ரெண்டு ரத்தக்குழாய் ஒரே மாதிரி இருக்கும். கட்டறதுக்கு முன்னாடி நான் லேசா அழுத்திப் பார்ப்பேனே, நீ கால்ல நாடி பிடிச்சுட்டு நிப்பியே?"

"நாடி நின்னுட்டா தப்பான குழாய்."

"மூணு தடவை நான் தப்பாப் பிடிச்சிருக்கேன். அப்பவெல்லாம் நான் பயந்ததாலதான் புள்ளைங்க பொழைச்சுது. அதை வீண்னு வெட்டிட்டாங்க, பாவிங்க!"

விழாச் செயலாளர் கனகராஜை வரவழைத்து, இரண்டு நாள் தள்ளிப்போடும்படி கெஞ்சினார். அவரோ, "அமைச்சர் வந்தாச்சுங்க, சாப்பாடு பரிமாறியாச்சு. கடைசி நேரத்துல எல்லாருக்குமே இப்படித்தானுங்க இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே மரகதத்தின் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

செய்கரத்தை நடுவில் நிறுத்தும் அதிகாரம், திறனைக் கொடுத்து முடித்த டாக்டருக்கு மட்டுமே உண்டு; பொன்னாடை விழும்வரை அது கிடைக்காது. மேடைக்குப் போகும் வழியில் மரகதம் குசுகுசுத்தார்.

"நான் சொல்றதை உன் உள்ளங்கையில எழுது. முடிச்சுக்கு முன்னாடி நிறுத்தணும், நாடி பார்க்கணும். அப்புறம் எனக்கு இது தோணாமலே போயிடலாம், கீழே இறங்கினதும் எங்கிட்டக் காட்டு. நான் உடனே உத்தரவு போட்டுடறேன். என்னை விட்டுடாதே தாயி!"

நாதஸ்வரம் ஒலித்தது. கையுறைகளைக் கழற்றினார்கள். பொன்னாடை விழுந்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது. கைதட்டல் அடங்கும்போது அவர் அடிவயிற்றில் எந்தக் கலக்கமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

படியிறங்கியதும் தமயந்தி ஓடிவந்து உள்ளங்கையை நீட்டினாள். வியர்வையில் மை கலைந்திருந்தாலும் எழுத்து தெளிவாகவே தெரிந்தது. மரகதம் நிதானமாகப் படித்தார்.

"இதை யார் சொன்னா?"

"நீங்கதாம்மா! உத்தரவு போடறேன்னீங்களே!"

"நாடி பார்க்கறதா? அது வீண் அசைவு, கண்ணு. பேசாம விடு."

"அம்மா, அந்தக் குழந்தைங்கம்மா..." தமயந்தி அவர் இரு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

இந்தப் பெண் எதற்காக இப்படிப் பயப்படுகிறாள் என்று மரகதத்துக்குப் புரியவே இல்லை.